சயாமிலிருந்து மீண்டோர்: படைவீரரும் பால்மரத் தொழிலாளரும்

போர் முடிந்ததென்று அறிவிக்கப்படும் நாளில் போரின் துன்பம் முடிந்துவிடுவதில்லை. களத்தில் மாண்டவர் கதை ஒரு வகை. களத்திலிருந்து நோயோடு திரும்பி, அந்நோயை இருபது முப்பது ஆண்டுகள் சுமந்து மடிந்தவர் கதை மற்றொரு வகை. முன்னவருக்குக் கல் நாட்டுவது உலக வழக்கம். பின்னவருக்கோ கல் வேண்டியதில்லை. மருந்தும் உதவித்தொகையும் ‘இந்நோய் உன் பணியால் வந்தது’ என்னும் ஒப்புதலும் வேண்டும். அவை தாமே வருவதில்லை. யாரேனும் ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்பவர் கையில் சான்றும் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா இரயில் பாதையில் உழைத்தவர்களின் பிற்கால வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே நோய்களுக்கு இரு கூட்டத்தார் ஆளாயினர். ஒரு கூட்டத்தார் போர்க் கைதிகளாகிய படைவீரர். மற்றவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர். அவருள் பெரும்பாலோர் தமிழர். முன்னவருக்காக அவர்தம் தோழரும் தளபதிகளும் ஐம்பது ஆண்டுக் காலம் வாதாடினர். பின்னவருக்காக வாதாடப் புகுந்தவருக்குக் கையில் ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை ரெம்பாவ் வட்டாரத்திலிருந்து நோக்கினால் தெளிவாக விளங்கும்.

ரெம்பாவும் இரயில் பாதையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்பகுதியில், மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்தது ரெம்பாவ். மினாங்கபாவு மரபினரின் தாய்வழி உரிமை முறையாகிய அடாட் பெர்ப்பாத்தே வேரூன்றிய மண் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது இம்மாநிலத்தில் காடு திருத்திப் பால்மரம் நட்டனர். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாக வந்த குடும்பங்கள் லயன்களில் குடியேறின. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் நோக்கித் தெற்கே செல்லும் இரயில் பாதை ரெம்பாவைக் கடந்தே தம்பினை அடைகிறது. தோட்டத்து ரப்பர் வெளியே சென்றதும், தோட்டத்துக்கு அரிசி வந்ததும் இத்தகைய பாதைகளின் வழியாகவே.

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு அக்காலத்தில் ஒரு கிளைப் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா பாதைக்கென வடக்கே கொண்டுசெல்லப்பட்டன. கிம்மாஸிலிருந்து கிழக்குக் கரைக்குச் சென்ற பாதையின் நெடும் பகுதிக்கும் இதே கதி நேர்ந்தது. கிழக்குக் கரைப் பாதை போருக்குப் பின் மீண்டும் இடப்பட்டது. மலாக்காக் கிளை மீளவே இல்லை. இரும்பு போன வழியில் ஆளும் போயினர். தண்டவாளம் எத்தனை மைல் பெயர்க்கப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எத்தனை பேர் போயினர், எத்தனை பேர் மீண்டனர் என்பதற்கு அத்தகைய கணக்கு இல்லை.

போர் வந்த வழி

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கியது. ஐந்து வாரத்தில் அது நெகிரி செம்பிலானைக் கடந்தது. 1942 ஜனவரி 14ஆம் நாள், கிம்மாஸுக்கு அருகிலுள்ள கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் படைப்பிரிவு பதுங்கியிருந்து, மிதிவண்டியில் வந்த ஜப்பானியரைத் தாக்கியது. பாலம் வெடித்துச் சிதறியது, முன்னேற்றம் சற்றே தடைப்பட்டது, அவ்வளவே. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவிலிருந்த நேசநாட்டுப் படைகளின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீரரோடு சரணடைந்தார்.

கெமெஞ்சேயில் போரிட்ட அப்பிரிவின் வீரர் பலர் பின்னர்ச் சயாமுக்கு அனுப்பப்பட்டனர். நெகிரி செம்பிலான் மண்ணைக் காக்கப் போரிட்டவரும் அம்மாநிலத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவரும் ஓராண்டு கழித்து ஒரே காட்டுப் பாதையில் நடந்தனர்.

அப்பாதை ஏன் வேண்டியிருந்தது? பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் கடல் வழியே சென்றன. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்றபின் கடல் வழி மேலும் ஆபத்தாயிற்று. நேசநாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களை வேட்டையாடின. ஆகவே, சயாமில் நோங் பிளாடுக் முதல் பர்மாவில் தான்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையும் காடும் குடைந்து பாதை போட முடிவு செய்தனர். வேலை தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 1943 அக்டோபரில், இருபுறத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கோன்கொய்த்தா அருகே இணைந்தன. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளும் இரண்டு இலட்சத்துக்குக் குறையாத ஆசியத் தொழிலாளரும் அதில் உழைத்தனர். கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளரில் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் பலரின் மதிப்பீடு.

லயனிலிருந்து பான் போங் வரை

ஜப்பானியர் வந்ததும் ரப்பருக்குச் சந்தை அற்றுப்போயிற்று. ஐரோப்பா, அமெரிக்காவுக்குக் கப்பல் இல்லை. துரைமார் சிறைப்பட்டனர் அல்லது தப்பியோடினர். தொழிலாளிக்கு வேலை இல்லை. வேலை இருந்தாலும் கூலிக்கு வாங்க அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. இந்நிலையில் ‘சயாமில் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பலாம், உணவும் உறையுளும் உண்டு’ என்ற அழைப்பு வந்தபோது சிலர் தாமே முன்வந்தனர்.

முதலில் போனவர் குறித்த காலத்தில் திரும்பவில்லை. அங்கிருந்து தப்பி வந்த சிலர் சொன்ன செய்தி தோட்டந்தோறும் பரவியது. அதன்பின் விரும்பிச் செல்வோர் இல்லை. ஆகவே, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று தொகை விதிக்கப்பட்டது. கிராணியும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியவராயினர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து, கூடியவரை லாரியில் ஏற்றியதும் உண்டு. சாலையில் நடந்தவரைப் பிடித்துச் சென்றதும் உண்டு. சில குடும்பங்கள் பிள்ளை குட்டியோடு சென்றன. நிலையத்திலிருந்து கூரையிட்ட இரும்புச் சரக்குப் பெட்டிகளில் நான்கைந்து நாள் பயணம். சயாமில் பான் போங் என்னுமிடத்தில் இறக்கி, அங்கிருந்து பலரைக் காட்டுக்குள் நடத்திச் சென்றனர்.

ஒரே நோய், இரு முகாம்

1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து ‘எஃப் படை’ என்னும் பெயரில் ஏறத்தாழ 7,000 கைதிகள் புறப்பட்டனர். பான் போங்கிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவை அவர்கள் இரவு இரவாக நடந்தே கடந்தனர். மே மாதம் மழை தொடங்கியது. கூடவே வாந்திபேதியும் தொடங்கியது. கைதிகளின் பாதையும் தொழிலாளர் பாதையும் ஒன்றே, ஓடைகளும் ஒன்றே. மேற்புறத்து முகாமின் கழிவு கீழ்ப்புறத்து முகாமின் குடிநீராயிற்று. ஓராண்டு முடிவதற்குள் எஃப் படையினரில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அவ்வளவு கொடுமையிலும் கைதிகளுக்குச் சில வாய்ப்புகள் இருந்தன. அவர்கள் படை அமைப்போடு சென்றவர்கள். கட்டளையிட அதிகாரி உண்டு. கட்டளைக்குப் பணியும் பழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவர் உண்டு. காய்ச்சாத நீரைக் குடிக்கக் கூடாது, பாத்திரத்தை நெருப்பில் வாட்ட வேண்டும், வாந்திபேதி கண்டவரைத் தனியே பிரிக்க வேண்டும், இறந்தவரை எரிக்க வேண்டும் என்னும் விதிகளை அவர்கள் கடைப்பிடித்தனர். மருந்தில்லாத இடத்தில் மருத்துவர் கைவினைஞராயினர். உப்பும் வடித்த நீரும் கலந்து, மூங்கில் குழலை ஊசியாக்கி, ஸ்டெதாஸ்கோப்பின் இரப்பர்க் குழாய் வழியே உடலில் செலுத்தினர். காலில் புரையோடிய புண்ணைக் கரண்டியால் சுரண்டித் துப்புரவாக்கினர். முடியாதபோது காலை வெட்டி உயிரைக் காத்தனர். கோன்யூ, ஹிந்தோக் முகாம்களில் ஆயிரம் பேருக்குப் பொறுப்பேற்றிருந்த ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் ‘வியரி’ டன்லப் இவர்களுள் பெயர் பெற்றவர். ஜப்பானியர் காணாமல் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன நோய் என்னும் குறிப்பு, அன்று உயிரைக் காக்க எழுதப்பட்டது. பின்னாளில் அத்தகைய குறிப்புகளே உரிமைக்குச் சான்றாயின.

தொழிலாளர் முகாமில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பல தோட்டத்து மக்களைக் கலந்து கூட்டமாக்கியிருந்தனர். மருத்துவர் இல்லை; கழிப்பிடம் இல்லை; நோயுற்றவனுக்குக் கூலியும் இல்லை, முழு உணவும் இல்லை. 1943இன் நடுப்பகுதியில் சாங்கியிலிருந்து ‘கே படை’, ‘எல் படை’ என இரு மருத்துவக் குழுக்கள் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. கைதிகளாகிய அம்மருத்துவர் தம்மால் இயன்றதைச் செய்தனர். ஆனால் கூட்டமோ பல்லாயிரம், மருந்தோ பெயரளவு, அதிகாரமோ சிறிதும் இல்லை.

புழுங்கல் அரிசி சொல்லும் செய்தி

இவ்விடத்தில் நெகிரி செம்பிலான் மருத்துவ வரலாற்றில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். சயாம் பாதையில் கைதியையும் தொழிலாளியையும் ஒருசேர வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து சாவும் நேரும். தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் நெடுநாள் உண்டால் உயிர்ச்சத்து ‘பி1’ குறைந்து இந்நோய் வருகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்தது.

இவ்வுண்மையின் முதற்படிகள் சில இம்மாநிலத்திலேயே வெட்டப்பட்டவை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த லியோனார்ட் பிராடன் 1907இல் பெரிபெரி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரை இந்நோய் பெரிதும் தாக்க, புழுங்கல் அரிசி உண்ட தமிழரை அது அவ்வளவாகத் தாக்கவில்லை என்பதை அவர் கண்டார். நோயின் வேர் அரிசியில் உள்ளது என்று வாதிட்டார். அதை ஒட்டி, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசர், தாமஸ் ஸ்டான்டன் ஆகிய இருவர் இம்மாநிலத்தில் டுரியான் திப்புஸ் பகுதியில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தினர். வெள்ளையரிசி உண்டவரிடம் பெரிபெரி தோன்றியது; புழுங்கல் அரிசி உண்டவரிடம் தோன்றவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் ஊறி நின்றுவிடுவதே காரணம்.

ஆகவே 1943இல் இந்நோயின் காரணம் அறியப்படாத ஒன்றன்று. தமிழ்க் குடும்பத்தின் அடுப்படி வழக்கமே அதற்குக் காப்பாக இருந்தது. அக்காப்பிலிருந்து பெயர்த்து, வெள்ளையரிசிக் கஞ்சியும் காய்ந்த பூசணித் துண்டும் கொடுத்து வேலை வாங்கியபோது நோய் வந்தது. வேலைதான் நோய்க்குக் காரணம் என்று மெய்ப்பிக்க இதனினும் தெளிவான வழக்கு அரிது. ஆயினும், அவ்வழக்கை எடுத்துரைக்க ஆள் வேண்டும் அல்லவா?

தோழருக்காக எழுந்த குரல்

போர் முடிந்து பிரிட்டனுக்குத் திரும்பிய கைதிகள் பெரும்பாலும் சில வாரத்தில் எடை தேறினர், பார்வைக்கு நலமுற்றவராயினர். ‘நலமாயிற்று, வீட்டுக்குப் போ’ என்று அனுப்பப்பட்டனர். நோயோ உள்ளே இருந்தது. மலேரியா மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. பெரிபெரியால் தளர்ந்த நரம்பு தேறவில்லை; சிலருக்குப் பார்வை மங்கியது. இரவில் அலறி எழுந்தனர். உள்ளூர் மருத்துவர் பலருக்கு வெப்பநாட்டு நோய் பழக்கமில்லை.

இவர்களுக்காகப் பேச முன்வந்தவருள் ஒருவர், அவர்களைச் சரணடையச் செய்த அதே தளபதி பெர்சிவல். சிங்கப்பூர் வீழ்ச்சியின் பழியைச் சுமந்த அவருக்கு அவர் நிலைக்குரிய வீரப் பட்டம்கூடத் தரப்படவில்லை. அவரும் மூன்றாண்டுக்கு மேல் கைதியாக இருந்தவரே. தூரக் கிழக்குப் போர்க் கைதிகள் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவராக இருந்து, தம் வீரருக்கு இழப்பீடு கேட்டு வாதாடினார். முடக்கி வைக்கப்பட்ட ஜப்பானியச் சொத்திலிருந்து ஏறக்குறைய 50 இலட்சம் பவுன் பெற்றுத் தருவதில் துணைநின்றார். அவர்களுடைய நலநிதிக்கும் தலைமை வகித்தார். ஓர் ஆளுக்குக் கிடைத்தது 76 பவுன் அளவே. தொகை சிறிது, ஆனால் கொடுமை நடந்தது என்னும் ஒப்புதல் அதில் இருந்தது. 1957இல் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ திரைப்படம் வந்தபோது, அது கற்பனையே என்று படத்திலேயே அறிவிக்க வேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே. 1966இல் அவர் மறைந்தார். போரை நடத்திய முறையில் அவர்மேல் குறை கூறுவோர் இன்றும் உளர். போருக்குப் பின் தோழரைக் கைவிட்டார் என்று கூறுவோர் இலர்.

ஆஸ்திரேலியாவில் டன்லப் இப்பணியை மேற்கொண்டார். 1993இல் மறையும்வரை முன்னாள் கைதிகளின் நலத்துக்காக உழைத்தார். உதவித்தொகை கோரியவர்க்குச் சான்று எழுதிக் கொடுத்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் தாய்லாந்து, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளில் மருத்துவப் பணியும் ஆற்றினார். 1970களில் ஆஸ்திரேலிய அரசு முன்னாள் போர்க் கைதிகளுக்கு எந்நோய்க்கும் இலவச மருத்துவம் அளித்தது. நோய் பணியால் வந்ததா, முதுமையால் வந்ததா என்று ஒவ்வொருவரும் வழக்காடும் தொல்லை அதனால் நீங்கியது.

அத்தொல்லை சிறிதன்று. பிரிட்டனில் 1943ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, படையிலிருந்து விலகி ஏழாண்டுக்குள் கோரினால், நோய் பணியால் வரவில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்குரியது. ஏழாண்டு கடந்தபின் கோரினால், நம்பத்தக்க சான்று காட்டும் பொறுப்பு கோருபவருக்குரியது. இருபது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்கு எங்கே சான்று தேடுவது?

விடை லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிலிருந்து வந்தது. அங்கு முன்னாள் கைதிகளைத் தொடர்ந்து சோதித்து வந்தனர். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நுண்ணிய நூற்புழு, வெறுங்காலில் சேற்றை மிதிப்பவரின் தோல் வழியே புகுந்து குடலில் தங்குவது. அது உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் பெருகுவதால், நோயாளி அந்நாட்டை விட்டுப் பல ஆண்டு ஆனபின்னும் அழிவதில்லை. சயாம் பாதையில் உழைத்த கைதிகளில் பத்தில் ஒருவருக்குக் குறையாமல், முப்பது ஆண்டுக்குப் பின்னும் இப்புழுவைச் சுமந்தனர் என்பது 1970கள் முதல் நடந்த சோதனைகளில் வெளிப்பட்டது. இடுப்பிலும் தொடையிலும் வந்து மறையும் தடிப்பை அதுவரை தோல் ஒவ்வாமை என்றே பலர் எண்ணியிருந்தனர். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் இப்புழு உடலெங்கும் பெருகி உயிரையே குடிக்கும். ஆகவே, ‘இவர் சயாமில் இருந்தவர்’ என்னும் ஒரு வரிக் குறிப்பு உயிர்காக்கும் குறிப்பாயிற்று. அக்குறிப்பு படைப் பதிவேட்டில் இருந்தது.

2000ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்த முன்னாள் கைதி ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் அறிவித்தது. 2001இல் ஆஸ்திரேலியா 25,000 ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. பிரிட்டிஷ் திட்டத்தில் கூர்க்கா வீரர் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வழக்குத் தொடர்ந்து 2002இல் வென்றனர். படையில் பெயர் இருந்தோருள்ளும் பாகுபாடு இருந்தது. ஆயினும் பெயர் இருந்ததால் நீதிமன்றம் ஏற முடிந்தது.

பட்டியலில் இல்லாதார்

மலாயாத் தொழிலாளரின் கணக்கு வேறு. போருக்குப் பின் கிடைத்த புள்ளிகளின்படி மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தோராகப் பதிவானவர் 29,000க்கு மேல். ‘ஓடிப்போனோர்’ என எழுதப்பட்டவர் 24,000க்கு மேல். இக்கடைசிச் சொல்லை ஊன்றிப் படித்தல் வேண்டும். வாந்திபேதி பரவிய காட்டில் உணவின்றி ஓடியவர் எத்தனை பேர் ஊர் சேர்ந்திருப்பர்? இறந்தவன் என்று எழுதினால் அவன் மனைவி கைம்பெண்; ஓடிப்போனவன் என்று எழுதினால் அவள் யார்?

மீண்டவர் 1945, 1946ஆம் ஆண்டுகளில் தோட்டம் திரும்பினர். புண் ஆறாத காலோடு சிலர், குளிர்காய்ச்சலோடு சிலர். 1946 மார்ச்சில் மலாயா வந்த ஜவகர்லால் நேரு இந்தியத் தொழிலாளரின் அவலத்தைக் கண்டார். அதன்பின் காங்கிரஸ் மருத்துவக் குழுவொன்று வந்து சில மாதம் பணி செய்தது. அவ்வாண்டிலேயே நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் செயற்பட்டது. அதில் வளர்ந்த பி. பி. நாராயணன் பின்னர், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். கூலி உயர்வு, வேலை நேரம், குடியிருப்பு ஆகியவற்றுக்குச் சங்கம் போராடியது. அது அன்றைய அவசரம். ஆனால் சயாமில் வந்த நோய்க்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பன்று. பொறுப்பான ஜப்பானியப் படை கலைந்துவிட்டது. வழக்கின் எதிர்த்தரப்பே மறைந்துவிட்டது எனலாம்.

பன்னாட்டு உடன்படிக்கைகளும் இவரைக் கடந்து சென்றன. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கையொப்பமான சமாதான உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, ஜப்பானிடம் கைதிகளாயிருந்து அல்லலுற்றவர்க்கு ஈடு செய்ய வழிவகுத்தது. ஆனால் அது நேசநாடுகளின் ‘படையினர்’க்கு மட்டுமே உரியது. தோட்டத் தொழிலாளி படையினன் அல்லன். மலாயா அப்போது விடுதலை பெறவில்லை. அதற்காகப் பிரிட்டனே கையொப்பமிட்டது. தொழிலாளருள் பலர் பிறந்த நாடாகிய இந்தியா அவ்வுடன்படிக்கையில் சேராமல், 1952 ஜூனில் ஜப்பானோடு தனியே ஒப்பந்தம் செய்து, போர் இழப்பீட்டுக் கோரிக்கையை முற்றும் விட்டுக்கொடுத்தது. இருநாட்டுக்கும் உரியவராக எண்ணப்பட வேண்டியவர், இழப்பீட்டு மேசையில் எந்நாட்டுக்கும் உரியவராக எண்ணப்படவில்லை.

பாதைக்கே விலை கிடைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. சயாம் பகுதியிலிருந்த பாதையையும் தளவாடங்களையும் பிரிட்டிஷார் 1946இல் சயாம் அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்றனர். தண்டவாளமும் வண்டியும் இழந்த நாடுகளுக்கு ஈடு செய்வதே அவ்விற்பனையின் நோக்கம். இரும்புக்கு உரியவர் இருந்தனர், கேட்டனர், கிடைத்தது. 1967இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்பில் உதவி வந்தது. அது கடலோடும் இரு கப்பல்களாக வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பட்ட இன்னல்களுக்கெல்லாம் தீர்வு அதுவே என்று கொள்ளப்பட்டது. காலில் புண்ணின் வடுவோடு லயனில் வாழ்ந்த கிழவருக்குக் கப்பலால் ஆவது என்ன?

பதிவு என்னும் மருந்து

இவ்விரு வரலாற்றையும் ஒப்பிட்டு, படைவீரர் பெற்றது மிகுதி என்று எண்ணுவது பிழை. 76 பவுனும், ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த 10,000 பவுனும் இழந்த உடல்நலத்துக்கு ஈடாகா. அறிவிப்பு வருமுன் பல்லாயிரவர் இறந்துவிட்டனர். அவர் பெற்றதைப் பொறாமையோடு நோக்குவதும் முறையன்று. அவர் எவ்வாறு பெற்றார் என்பதே கற்க வேண்டிய பாடம்.

மூன்று பொருள் அவர்களிடம் இருந்தன. முதலாவது, பெயர்: ஒவ்வொரு வீரனுக்கும் எண்ணும் ஏடும் உண்டு. இரண்டாவது, நோய்க் குறிப்பு: முகாம் மருத்துவர் உயிரைப் பணயம் வைத்து எழுதி மறைத்துக் காத்தது. மூன்றாவது, தோழமை: உடன் துன்புற்றவரே சங்கமாகக் கூடி, தளபதி முதல் சிப்பாய் வரை ஒரு குரலில் கேட்டது. மூன்றும் சேர்ந்தபோதே துன்பம் உரிமையாக மாறியது. மலாயாத் தமிழரிடம் துன்பம் குறைவாக இருந்ததன்று. மூன்றில் ஒன்றும் அவரிடம் இருக்க விடப்படவில்லை.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்நகரிலேயே 1990ஆம் ஆண்டில் கரும்பு விளைந்த நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாக வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. வீழ்ந்த வீரனுக்குப் பெயர் பொறித்துக் கல் நடுவதைச் சங்ககாலந்தொட்டு மரபாகக் கொண்ட இனத்தாருக்கு நேர்ந்த நிலை இது.

மலேசியத் தமிழர் இவ்வரலாற்றை முற்றும் மறந்துவிட்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இதையே பொருளாகக் கொண்டவை. உயிர் எஞ்சியவரைத் தேடிச் சென்று அவர் வாய்மொழியைப் பதிந்தவரும், அவர்க்காக ஜப்பானிய அரசிடம் இழப்பீடு கேட்டவரும் உளர். ஆயினும் நாவல் உள்ளத்தை உருக்கும். இழப்பீட்டுக் கோரிக்கைக்கோ பட்டியல் வேண்டும்.

சயாம் சென்று மீண்டவருள் மிகப் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை. அவர் பிள்ளைகளும் பேரர்களும் உளர். ரெம்பாவ், பெடாஸ், செம்போங் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன, லயன்கள் இடிந்தன, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஒரு தோட்டம் மறையும்போது அங்கிருந்து சயாமுக்குப் போனவர் பெயர்களும் உடன் மறைகின்றன. பெயர், தோட்டம், உடன் சென்றவர், திரும்பிய ஆண்டு, திரும்பியபோது உடலில் இருந்த நோய், அந்நோயோடு வாழ்ந்த காலம் என ஆறு செய்திகளை ஒரு குடும்பத்திடம் கேட்டு எழுத ஒரு மாலைப் பொழுது போதும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டே இதைச் செய்விக்கலாம். டன்லப் காட்டில் மறைத்து எழுதிய குறிப்பேட்டிலும் ஏறக்குறைய இவைதாம் இருந்தன.

ரெம்பாவ் நிலையத்தின் வழியே 2013 முதல் மின்சார இரட்டைப் பாதையில் விரைவு இரயில்கள் ஓடுகின்றன. தம்பினிலிருந்து பிரிந்த மலாக்காக் கிளையின் தண்டவாளங்களுக்கு ஏட்டில் கணக்கு இருக்கிறது. அதே காலத்தில் அதே திசையில் சென்ற மனிதருக்குரிய ஏடு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். அதை எழுதக்கூடியவர் கேட்டறிந்த தலைமுறையினர் மட்டுமே.